குறை லிவரில், மருந்து சக்கரத்தில்

கோத்தகிரியில் மாமா வீட்டு வாசல் செங்குத்தான ஏற்றம். கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினால் அதன் மூக்கு வானத்தைப் பார்க்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு, மழை விட்ட ஒரு சாயங்காலம், அந்த ஏற்றத்தில் காரை நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டுக் கேட்டைத் திறக்க இறங்கினேன். கியரில் போடவில்லை. அது என் தவறு. பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். கேட்டின் கொக்கியில் கை வைத்தபோது, ஈரத்தரையில் டயர் உருளும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஓடிவந்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்து, பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். மூன்றடி நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் தடுப்புச் சுவர் இல்லை, தேயிலைச் சரிவுதான். அம்மா ஒன்றும் பேசவில்லை. முன்சீட்டைப் பிடித்த கையை எடுக்க மட்டும் வெகுநேரம் ஆனது.

மாமா வீட்டுக்குள்ளிருந்து வந்து ஒரு கருங்கல்லைப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். கல்லைக் காலால் தட்டிச் சரிபார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஹேண்ட் பிரேக் எத்தனை கிளிக் வருது மாப்ள?"

"பத்து வருதுங்க மாமா. போன மாசந்தான் கேபிள இறுக்கிக் குடுத்தாங்க."

"கேபிள இறுக்குனா லிவர் இறுகும். சக்கரம் இறுகுமா? டிரம்மக் கழட்டிப் பாரு."

கோயமுத்தூரில் நூல் மில் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். எத்தனையோ இயந்திரங்களைப் பிரித்துச் சேர்த்த கை இது. சொந்தக் காரின் பின் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறதென்று அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அன்றிலிருந்து என் வண்டியின் பின் பிரேக்கை நானேதான் கவனிக்கிறேன். சொந்தக்காரர்கள் நாலைந்து பேரின் வண்டிகளுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன்.

நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் என்பது கவிழ்த்து வைத்த வார்ப்பிரும்புச் சட்டி. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதற்குள் சுழலாமல் நிற்பவை பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். காலால் மிதித்தால் வீல் சிலிண்டரில் இருக்கும் இரண்டு பிஸ்டன்களும் அந்த ஷூக்களை விரித்து டிரம்மின் உள்சுவரில் அழுத்தும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அதே ஷூக்களைக் கேபிள் வந்து விரிக்கும். காலுக்கு ஆயில், கைக்குக் கேபிள் என்று வழி இரண்டு. வேலை செய்யும் ஷூ ஒன்றே. பின்னாலும் டிஸ்க் உள்ள சில வண்டிகளில், டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்றே ஒரு குட்டி டிரம்மும் தனி ஷூவும் வைத்திருப்பார்கள். டிஸ்க் வந்த பிறகும் டிரம்மை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துப் பாருங்கள். கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு தானாக இறுகும். டிரம்முக்குள் நடப்பதும் அதுதான். சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் ஆழமாக அழுத்திக்கொள்கிறது. அது முன்ஷூ. இன்னொன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறது. அது பின்ஷூ. அதனால்தான் முன்ஷூ சீக்கிரம் தேய்கிறது. ஏற்றத்தில் நிற்கும் கார் பின்னால் உருளப் பார்க்கும்போது இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பின்ஷூ முன்ஷூவின் வேலையைச் செய்யும். ஒரு கையால் இழுக்கிற இழுப்பு ஆயிரம் கிலோ வண்டியை நிறுத்திவைப்பது இந்த ஆப்பு வேலையால்தான். ஆனால் ஆப்பு இறுக வேண்டுமானால் முதலில் அது கதவைத் தொட வேண்டும். ஷூ டிரம்மைத் தொடுவதற்கு முன்பே லிவரின் வீச்சு தீர்ந்துவிட்டால் எந்த ஆப்பும் வேலை செய்யாது. கோத்தகிரியில் எனக்கு நடந்தது அதுதான்.

ஷூ தேயத் தேய அதற்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடும். அந்த இடைவெளியைச் சரிக்கட்டத்தான் இரண்டு ஷூக்களுக்கும் குறுக்கே ஓர் அட்ஜஸ்டர் இருக்கிறது. அதன் நடுவில் பல் வைத்த சிறு சக்கரம் ஒன்று உண்டு. பட்டறையில் ஸ்டார் வீல் என்பார்கள். பிரேக் போடும்போது ஷூ வழக்கத்தைவிட அதிக தூரம் போனால், ஒரு குட்டி நெம்புகோல் ஸ்டார் வீலை ஒரு பல் தள்ளி அட்ஜஸ்டரை நீட்டிவிடும். ஷூ மறுபடி டிரம்முக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஷூ தன் இருப்பிடத்துக்கு முழுசாகத் திரும்பி வந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். திரும்பி வந்தால்தானே எவ்வளவு தூரம் போனதென்று தெரியும்?

லிவர் தளர்ந்துவிட்டது என்று கேபிள் நட்டை மட்டும் இறுக்கினால், பின்ஷூவில் மாட்டியிருக்கும் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் எப்போதும் பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும். ஷூக்கள் திரும்பி வர இடமிருக்காது. அட்ஜஸ்டருக்குத் தனக்கு வேலை இருப்பதே தெரியாது. நாலு நாள் லிவர் இறுக்கமாக இருக்கும், பிறகு மறுபடி தளரும். மறுபடி நட்டு, மறுபடி தளர்ச்சி. என் வண்டியில் மூன்று முறை இப்படி நடந்திருந்தது. லிவரில் தெரிகிற குறைக்கு லிவரிலேயே மருந்து போட்டுக்கொண்டிருந்தோம்.

இனி வேலைக்கு வருகிறேன். சமதளமான தரை வேண்டும். முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்துவிடுவேன். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, லிவருக்கு அடியில் இருக்கும் கேபிள் நட்டை நன்றாகத் தளர்த்துவேன். பலர் தாண்டிப் போகும் படி இது. இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை நெகிழ்த்துவிட்டு, அப்புறம் ஜாக்கி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு வைக்காத வண்டிக்கு அடியில் கை நீட்ட மாட்டேன், யாரையும் நீட்ட விடவும் மாட்டேன். சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். டிரம் கழன்ற நிலையில் யாராவது பெடலை மிதித்தால் சிலிண்டர் பிஸ்டன் வெளியே தெறித்து வந்துவிடும்.

எங்கள் வண்டியில் டிரம், ஹப்பின் மேல் வெறுமனே மாட்டியிருக்கும். வேறு சில வண்டிகளில் பேரிங்கும் டிரம்மோடு சேர்ந்திருக்கும், நடு நட்டைக் கழற்ற வேண்டும். எதுவானாலும் துரு பிடித்த டிரம் சும்மா வராது. சுத்தியலால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு சில்லு தெறிக்கும். டிரம்மின் முகத்தில் மரையோடு இரண்டு ஓட்டைகள் இருப்பதைப் பாருங்கள். அவற்றில் இரண்டு 8 மில்லி போல்ட்டுகளைப் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானாக வெளியே நகரும். 'டக்' என்று துரு விடும் சத்தம் கேட்கும். தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் உதடு போல ஒரு விளிம்பு எழுந்து ஷூவில் மாட்டிக்கொண்டிருந்தால், ஷூக்களைத் தாங்கி நிற்கும் பின்தட்டில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே ஸ்டார் வீலைப் பின்னால் சுற்றி ஷூவைச் சுருக்க வேண்டும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூசி குவிந்திருக்கும். ஏர் அடித்து ஊதாதீர்கள். இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் வண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்தைப் பிடிக்க, மரக்கட்டையில் பழைய பூட்ஸ் தோலை அடித்து வைத்திருந்ததை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். அதைவிட நல்ல உராய்வுப் பொருள் செய்ய 1897-இல் இறங்கினார். ஃபெரோடோ நிறுவனம் அப்படிப் பிறந்தது. 1908 வாக்கில் அவர் லைனிங்கில் கல்நாரைச் சேர்த்தார். சூட்டைத் தாங்குவதில் அதற்கு இணையில்லை. ஆனால் அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பின்னால் உறுதியானது. பிரிட்டன் 1999-இல் கல்நாருக்கு முழுத்தடை போட்டது. நம் ஊர்ப் பழைய வண்டியில் எந்தக் காலத்து லைனிங் இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அந்த வேஸ்ட்டைப் பையில் கட்டிவிடுவேன். பட்டறைப் பையன்கள் வாயால் ஊதுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. ஒரு மக் தண்ணீர் போதும் தம்பி என்று சொல்லாமல் வந்ததில்லை.

அன்று இடப்பக்க டிரம்முக்குள் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முன்ஷூவில் லைனிங் ஒன்றரை மில்லி, பின்ஷூவில் இரண்டரை. புதுசில் நாலு மில்லி இருக்கும். ஒன்றுக்குக் கீழே போகக் கூடாது. ஆக, ஷூவுக்கு இன்னும் ஆயுள் இருந்தது. அட்ஜஸ்டர்தான் செத்திருந்தது. ஸ்டார் வீலைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மரைக்குள் துருவும் பிரேக் தூசியும் சேர்ந்து சிமெண்டு போல இறுகியிருந்தன. ஹேண்ட் பிரேக் நெம்புகோல், கேபிள் தளர்த்துவதற்கு முன் நின்ற இடத்தில் ஷூவின் இரும்பில் பளபளவென்று ஒரு தழும்பை உண்டாக்கியிருந்தது. தன் இருப்பிடத்துக்கு அரை அங்குலம் தள்ளியே அது மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. மாமா கல்லைத் தட்டிக்கொண்டே சொன்னதை அந்தத் தழும்பு எனக்குக் காட்டியது.

வலப்பக்கம் வேறு கதை. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் மெல்ல விலக்கினேன், உள்ளே ஈரம். சிலிண்டர் கசிய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் ஆயில் லைனிங்கில் இறங்கியிருக்கும். ஆயில் குடித்த ஷூவைத் துடைத்து மாட்டவே கூடாது. சிலிண்டர் இரண்டையும் புதுசு போட்டேன். ஆயுள் மிச்சமிருந்தாலும் ஷூக்களையும் இரண்டு பக்கமும் புதுசாகவே போட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தமிழ்நாட்டுக்கு இதில் பஞ்சமில்லை. பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் ரானே பிரேக் லைனிங் 1964-இலும் தொடங்கியவை. நல்ல ஷூ கிடைக்காத ஊர் இல்லை நம் ஊர். அட்டைப்பெட்டியின் அச்சு மங்கலாக, விலை பாதியாக இருக்கும் ஷூவை மட்டும் தொடாதீர்கள்.

பிரிக்கும்போது ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டே மறுபக்கம் போவேன். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் பாடம் சொல்லும். இடப்பக்க அட்ஜஸ்டரையும் வலப்பக்க அட்ஜஸ்டரையும் கலந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் அவற்றின் மரை எதிரெதிர் திசை. மாற்றி மாட்டினால் பிரேக் போடப் போட இடைவெளி குறைவதற்குப் பதில் கூடும்.

ஷூவைப் பின்தட்டோடு பிடித்து வைக்கும் ஊசியைப் பின்னாலிருந்து ஒரு விரலால் தாங்கி, முன்னால் இருக்கும் தொப்பியை அமுக்கிக் கால் சுற்று திருப்பினால் ஸ்பிரிங் விடுபடும். மேலே இருக்கும் இழுப்பு ஸ்பிரிங்தான் முரட்டுப் பிள்ளை. அதை நோஸ் பிளையரால் கடித்து இழுத்தால் கம்பியில் தழும்பு விழும். பின்னாளில் அந்த இடத்தில்தான் ஒடியும். நைலான் கயிற்றை வளையமாக ஸ்பிரிங் கொக்கியில் போட்டு, அந்தக் கயிற்றை இழுத்து ஓட்டையில் உட்கார வைப்பேன். மில்லில் கற்ற கைவாகு இது. ஸ்பிரிங்குக்கு ஒரு கீறல்கூட விழாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

பழைய ஷூ உரசிய ஆறு இடங்கள் பின்தட்டில் பளபளப்பாகத் தெரியும். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் சிக்கி நின்றுவிடும்; அரத்தால் சமப்படுத்த வேண்டும். பிறகு சூடு தாங்கும் கிரீஸை அந்த ஆறு இடங்களில் மட்டும் வைக்க வேண்டும், நெற்றியில் சந்தனம் வைக்கிற அளவுக்கு. அதற்கு மேல் வைத்தால் சூட்டில் உருகி லைனிங்குக்கு வரும். அட்ஜஸ்டர் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, கிரீஸ் போட்டு, ஒரு விரலால் தட்டினால் ஓடும்வரை விடமாட்டேன். டிரம்மின் உள்விட்டம் எதுவரை போகலாம் என்பது டிரம்மிலேயே எழுதியிருக்கும். வெர்னியரால் அளந்து, அந்த எல்லைக்குள் இருந்தால் மட்டும் லேத்தில் கொடுத்துக் கடையலாம். தாண்டியிருந்தால் புது டிரம்தான்.

பின்தட்டு முழுசாகக் கூடியதும், எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வரும். டிரம்மை மாட்டி, இரண்டு வீல் நட்டுகளை லேசாக இறுக்கி, கையால் சுழற்றுவேன். சத்தமே இல்லாமல் சுற்றினால் இடைவெளி அதிகம். பின்தட்டு ஓட்டை வழியே ஸ்டார் வீலை ஒவ்வொரு பல்லாகத் தள்ளுவேன். டிரம் கனத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கைக்கு அசையாமல் நின்றுவிடும். இப்போது ஒவ்வொரு பல்லாகப் பின்வாங்க வேண்டும். கனம் குறையும், இழுவை குறையும். கடைசியில் டிரம் தாராளமாகச் சுற்றும். ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ஏதோ ஓரிடத்தில், காகிதத்தில் விரல் ஓடுகிற மாதிரி மெல்லிய உரசல் கேட்கும். அங்கே நிறுத்த வேண்டும். தொட்டும் தொடாமல் நிற்கும் அந்த இடத்தைக் காதுதான் சொல்லும், அளவுகோலால் சொல்ல முடியாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

சிலிண்டர் மாற்றியதால் ஏர் எடுக்க வேண்டியிருந்தது. என் மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். சிலிண்டரின் நிப்பிளில் குழாய் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருந்த ஆயிலுக்குள் விட்டேன்.

"மிதி கண்ணு."

"மிதிச்சிட்டேன்பா."

"அப்படியே பிடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

நிப்பிளைத் திறந்தேன், குமிழி குமிழியாக வந்தது. மூடினேன். "இப்ப விடு." இருபது தடவைக்கு மேல் இதே மூன்று சொற்கள். மிதி, பிடி, விடு. கடைசியில் குமிழி இல்லாமல் தேன்நிறத்தில் ஆயில் வந்தபோது, பெடல் கல்லு மாதிரி இருக்கிறது என்று அவளே சொன்னாள். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது ஆயில் வகையே அல்ல. அதில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் கலந்தாலும் சிலிண்டர் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். அது காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்த பிறகு அது 155 வரை இறங்கலாம்.

இந்த எண்கள் மலையில்தான் புரியும். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,450 மீட்டர். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கும்போது, அந்த உயரத்தின் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. ஏறிய கியரிலேயே இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் எல்லாம் பிரேக்குக்குத்தான். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. மலையில் பிரேக்கைக் காப்பாற்றுவது கியர்தான் என்று மாமா சொல்வதன் பொருள் இது.

எல்லாம் கூட்டி முடித்த பிறகு பெடலைப் பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்து ஷூக்களை நடுவில் உட்கார வைத்தேன். அதற்கப்புறம்தான், எல்லாவற்றுக்கும் கடைசியாக, கேபிள் நட்டுக்குப் போனேன். லிவரை இழுத்தால் ஆறாவது கிளிக்கில் இரண்டு சக்கரமும் பூட்ட வேண்டும். விட்டால் இரண்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். முதலில் சக்கரம், பிறகு பெடல், கடைசியில் கேபிள் என்ற வரிசையில் செய்தபோது, மூன்று முறை இறுக்கியும் நிற்காத ஹேண்ட் பிரேக்குக்கு நட்டில் ஒன்றரைச் சுற்றே போதுமானதாக இருந்தது. வீல் நட்டுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சால் 103 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இது எங்கள் வண்டிக்கான அளவு. உங்கள் வண்டிக்கு அதன் புத்தகத்தைப் பாருங்கள். பிறகு காலியான சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டி, மெல்ல மெல்லப் பிரேக் போட்டுப் புது லைனிங்கை டிரம்மோடு பழக வைத்தேன்.

அன்று ஒரு நோட்டுப் புத்தகம் ஆரம்பித்தேன். தேதி, கிலோமீட்டர், லைனிங் கனம், கிளிக் எண்ணிக்கை என்று நாலே பத்தி. மழைக்காலத்தில் பல நாள் வண்டியை நிறுத்தப் போகிறேன் என்றால், ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டுக் கட்டை கொடுத்து நிறுத்துகிறேன். ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

அடுத்த முறை கோத்தகிரி போனபோது அதே ஏற்றத்தில் நிறுத்தினேன். முதல் கியரில் போட்டுவிட்டு லிவரை இழுத்தேன். பின்சீட்டிலிருந்து அம்மா மெல்லிய குரலில் எண்ணினார். ஆறு. மாமா கல்லோடு வந்தார். வாங்கி நானே பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தேன். டயர் அந்தக் கல்லின் மேல் சாயவில்லை. நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி அப்படியே இருந்தது. காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோதும் இருந்தது.

நோட்டில் இப்போது அந்தப் பத்தியில் ஆறு, ஆறு, ஆறு என்று வரிசையாக இருக்கிறது. எட்டு என்று எழுத வேண்டிய நாள் வந்தால் கேபிள் நட்டைத் தொட மாட்டேன். ஜாக்கியை எடுப்பேன்.